மழைக் கணக்கு மாறிய தாமிரபரணி

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். காலையில் பாபநாசத்தில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திருச்செந்தூர் வந்துவிடலாம். பிறக்கும் மலையும் கலக்கும் கடலும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பதால், இந்த ஆற்றுத் தண்ணீருக்காக அண்டை மாநிலத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. இத்தனை சிறிய ஆறு ஆண்டு முழுக்க ஓடுகிறது என்பது நெல்லைச் சீமைக்காரர்களுக்குப் பெரிய பெருமை.

வற்றாமல் ஓடக் காரணம், இந்த ஆற்றுக்கு இரண்டு மழைக்காலம் வாய்த்திருப்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைமுகட்டில் பெய்து அணைகளுக்கு நீர் சேர்க்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மலையிலும் சமவெளியிலும் பெய்து குளங்களை நிரப்பும். ஒன்று ஏமாற்றினால் மற்றது கைகொடுக்கும். வயலும் அதற்கேற்பத்தான் பழகியது. முதல் மழைக்குக் கார் சாகுபடி, இரண்டாம் மழைக்குப் பிசானம். சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வகக் கணிப்பில் தெரிய வந்ததாகத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் நெல் இருந்திருக்கிறது. அந்த வேளாண்மையெல்லாம் மழை வரும் மாதத்தையும் மழை விழும் இடத்தையும் நம்பி நடந்தது.

அந்த நம்பிக்கைதான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2016இல் தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பரில் இதே ஆற்றின் கடைமடைப் பகுதியில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஏழு ஆண்டுக்குள் கடும் வறட்சியும் பெருவெள்ளமும். இப்படி மாறும் மழைக்கு ஒரு ஆற்றுப்படுகை எப்படி ஈடுகொடுக்கிறது என்று கண்ணால் பார்க்க விரும்பி, பிசான அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்களில் மலையிலிருந்து முகத்துவாரம் வரை ஆற்றோடு இறங்கினேன்.

மலையில்

பாபநாசநாதர் கோயிலைத் தாண்டிச் சாலை மேலே ஏறினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சோதனைச் சாவடியைக் கடந்து காரையாறு வரை போகலாம். சொரிமுத்து அய்யனார் கோயில், காணி மக்களின் குடியிருப்புகள், பாறைகளுக்கிடையே ஓசையிட்டு ஓடும் தெளிந்த நீர். அதற்கு மேலே பாபநாசம் அணை. 143 அடி வரை தண்ணீர் தேக்கலாம். கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. பக்கத்தில் சேர்வலாறு அணை, தெற்கே 118 அடி உயரத்துக்கு மணிமுத்தாறு அணை. மூன்றும் சேர்ந்ததுதான் இந்த ஆற்றின் முக்கியச் சேமிப்பு.

நெல்லை மாவட்டத்தில் செய்தித்தாள் வாங்கும் விவசாயி முதலில் தேடுவது அணை நீர்மட்டப் பெட்டிச் செய்தியை. விக்கிரமசிங்கபுரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். மழையைப் பற்றிக் கேட்டதும் தாளை மடித்துவிட்டார். "முன்னயெல்லாம் சாரல் பிடிச்சா பத்துப் பதினஞ்சு நாளு விடாது தம்பி. துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப் போகும். இப்ப ஒரு மணி நேரம் அடிச்சு ஊத்துது. பொறவு சுள்ளுனு வெயிலு. அணைக்கு வாற தண்ணி வேற, மலைக்குள்ள எறங்குத தண்ணி வேற, பாத்துக்கிடுங்க."

கடைசியாக அவர் சொன்னது நீரியலின் அடிப்படைப் பாடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மெல்லப் பெய்யும் மழையை மண்ணுக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, மழை நின்ற மாதங்களில் ஓடைகளில் கசியவிடுகின்றன. மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஆற்றில் ஓடுவது அந்தக் கசிவுதான். அதே அளவு மழை ஒரே நாளில் கொட்டினால் மண் குடிக்க நேரமில்லை; வழிந்து அணைக்கு வருகிறது, அணை நிரம்பியிருந்தால் கடலுக்குப் போகிறது. ஆண்டு மொத்த மழை துளியும் குறையாமலே கோடைத் தண்ணீர் குறைந்துவிட முடியும்.

பெரியவரின் நினைவோடு ஒத்துப்போகும் கணக்குகளும் உண்டு. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட பருவநிலை மதிப்பீட்டு அறிக்கையின்படி, 1951 முதல் 2015 வரை நாட்டின் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்திருக்கிறது. அதே காலத்தில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் ஈரம் காற்றில் அதிக நேரம் தங்கிச் சேர்கிறது. பெய்யும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. மழை நாட்கள் குறைந்து, பெய்கிற நாளின் வேகம் கூடுவதற்கு இதுவே காரணம்.

கார் சாகுபடிக்கு ஜூன் 1 அன்று பாபநாசம் அணையைத் திறப்பது இங்கே நெடுநாள் வழக்கம். அன்று அணையில் போதிய நீர் இல்லையென்றால் திறப்பு தள்ளிப்போகும், அல்லது சில கால்வாய்களோடு நின்றுவிடும். 2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட், 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை 34 சதவீதம் குறைவு. நான்கு மாதம் கழித்து அதே ஆண்டில்தான் தாமிரபரணி பெருவெள்ளம் கண்டது. தண்ணீர் இல்லை என்று காரைக் கைவிட்டவர், தண்ணீர் மிஞ்சிப் பிசானத்தையும் இழக்க நேர்ந்தால் எந்தக் கணக்கை நம்பி அடுத்த விதையைத் தூவுவார்?

மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. தமிழ்நாட்டில் மழை அதிகம் பதிவாகும் இடங்களில் இந்தத் தேயிலை மலையும் ஒன்று. 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன இந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் 2024இல் வேலையிழந்து மலையிறங்க நேர்ந்தது. அவர்களுக்கு வீடும் பிழைப்பும் கிடைப்பது நியாயத்தின் கடமை. காலியாகும் சரிவுகள் சோலையாகவும் புல்வெளியாகவும் திரும்புவது ஆற்றின் தேவை. ஒன்றைச் சொல்லி மற்றதைக் கைவிடக் கூடாது.

கால்வாயும் குளமும்

மலையிறங்கிய ஆற்றை எட்டு இடங்களில் அணைக்கட்டுகள் குறுக்கிடுகின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளையர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிந்து ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன.

பெரிய தேக்கங்கள் அல்ல இவை. ஆற்றின் குறுக்கே தாழ்வான கல்சுவர். தேவையான நீரைப் பக்கக் கால்வாயில் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தலைக்கு மேல் வழியவிடும். சேமிப்பு வேலையைக் குளங்கள் பார்த்துக்கொள்கின்றன. கால்வாய் குளத்தை நிரப்பும். குளத்து மடை வயலுக்குப் பாயும். நிறைந்த குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். ஆற்றில் வெள்ளம் வரும் சில நாட்களைப் பல மாதப் பாசனமாக நீட்டித் தரும் ஏற்பாடு இது. மழை சீரற்றது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அதற்காகவே குளம் வெட்டினார்கள்.

கல்லிடைக்குறிச்சி பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையில் நடந்தேன். இருபுறமும் அறுவடை இயந்திரங்களின் இரைச்சல். தார்ச்சாலையில் ஓரமாக நெல் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே தள்ளி ஒரு குளத்துக்கரையில் நீர்ப்பாய்ச்சி வேலை பார்ப்பவரைச் சந்தித்தேன். மடைக்குக் கூட்டிப்போனார். பழைய கல்தூண் இரண்டு, நடுவே திருகு வைத்த இரும்பு ஷட்டர். ஷட்டரின் அடிப்பாகம் சேற்றில் புதைந்திருந்தது. கையிலிருந்த மூங்கில் கழியை மடைக்கு முன்னால் ஊன்றினார். தண்ணீர் முழங்கால் அளவுதான். அதன் கீழே கழி அவர் இடுப்புயரத்துக்கு வண்டலில் இறங்கியது.

"நிறைஞ்ச குளம்னு கரையில நின்னு பாக்குதவங்க சொல்லுவாங்க அண்ணாச்சி. பாதி மண்ணுதான் கெடக்கு. முன்ன ஒரு தடவ பெருகுனா அறுப்பு வரைக்கும் காணும். இப்ப மாசி பொறக்குமுன்ன கால்வாயப் பாத்து நிக்கோம்."

ஆழம் குறைந்து பரந்து கிடக்கும் நீர் வெயிலில் வேகமாக ஆவியாகும். வெப்பம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். வெயில் நெல்லை நேரடியாகவும் பிடிக்கிறது. பூக்கும் தருணத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். இரவு வெப்பம் உயர்ந்தாலும் மணி எடை குறையும். ஆகவே ஒரே ஏக்கருக்கு முன்பைவிட அதிகத் தண்ணீர் தேவைப்படும் காலத்தில், குளத்தின் கொள்ளளவோ சுருங்கிப்போய்க் கிடக்கிறது.

மழை மாதம் தப்பி வருவது தனித் துன்பம். 2021 ஜனவரியில் தமிழகத்தில் வழக்கத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் மழை பெய்தது. பொங்கல் நேரத்தில் தாமிரபரணி கரைபுரண்டது. கரிசல் காட்டில், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்தில், அறுவடைக்கு நின்ற மானாவாரி உளுந்தும் பாசியும் காட்டிலேயே முளைவிட்டன. மார்கழிக்குள் முடிந்துவிடும் என்று எண்ணிய மழை தையில் வந்ததால், நிரம்பிய அணைகளுக்கு அதை வாங்கிக்கொள்ள இடமில்லை, திறந்துவிடத்தான் முடிந்தது.

கடனாநதி வந்து சேரும் திருப்புடைமருதூரில் சற்று நின்றேன். மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும் ஊர் இது. ஊர் மக்களே காத்த இந்தப் பறவையிடத்தை 2005இல் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். பறவைக்கு வேண்டியதும் உழவனுக்கு வேண்டியதும் ஒன்றே: உரிய காலத்தில் நிரம்பி, மெல்ல வடியும் குளம்.

நெல்லையில்

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதன்மேல் நின்று பார்த்தால் வெள்ளத்தோடு வாழ்ந்து பழகிய ஊர் என்பது புரியும். சற்று மேற்கே குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளத்தைப் பிளந்து இருபுறமும் விலக்கும்படி நீர் வரும் பக்கத்தைப் படகு முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். ஆறு பெருகும் செய்தி வந்ததும் உற்சவ மூர்த்தியைக் கரைமேலுள்ள கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோயில் மூழ்கும், நீர் வடிந்ததும் கழுவி விளக்கேற்றுவார்கள். வெள்ளத்தைத் தடுக்க முயலாமல், அதற்கு வழிவிட்டுத் தாங்கி நிற்கும் கட்டடம் அது.

வெள்ளம் இந்த ஆற்றுக்குப் புதிதல்ல என்பதை மறைக்கக் கூடாது. 1992 நவம்பரில் காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஆற்றோர ஊர்கள் உயிர்களையும் உடைமைகளையும் இழந்தன. ஆனால் அந்த மழை மலையில் விழுந்தது. கீழே அணைகள் இருந்தன. ஆறு பெருகிச் சமவெளியை அடைய நேரம் எடுத்தது. ஆபத்து மேற்கிலிருந்து வரும் என்று எல்லாரும் மேற்கேயே பார்த்துப் பழகியிருந்தார்கள்.

நகரத்துக்குள் ஆறு வேறு சுமைகளையும் தாங்குகிறது. கழிவுநீர் பல இடங்களில் நேராகக் கலக்கிறது. நீரோட்டம் குறைந்த கோடையில் அழுக்கின் அடர்த்தி ஏறும். பல மாவட்டங்களுக்குக் குடிநீர் கொடுக்கும் உறைகிணறுகள் இதே ஆற்றுமணலில்தான் நிற்கின்றன. மணல் இருந்தால்தான் உறைகிணற்றில் ஊறும். மணல்தான் வடிகட்டி, மணல்தான் கோடைச் சேமிப்பு. அந்த மணலை லாரி லாரியாக அள்ளியதை எதிர்த்து முதுபெரும் தலைவர் இரா. நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடினார். 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ள நீதிமன்றம் ஐந்தாண்டுத் தடை விதித்தது. மழை ஒழுங்கு தப்பும் காலத்தில் ஒரு ஆற்றின் மணல், அணைக்கு நிகரான சொத்து.

ஸ்ரீவைகுண்டத்தில்

2023 டிசம்பர் 17, ஞாயிறு. குமரிக்கடலில் நிலைகொண்ட ஒரு மேலடுக்குச் சுழற்சி நகராமல் நின்றது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலால் சென்னை மூழ்கியிருந்ததால், நாட்டின் கண் வடக்கே இருந்தது. 18ஆம் தேதி காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுதும் பெறும் சராசரி மழை ஏறத்தாழ 65 செ.மீ.தான்.

இந்த எண்களின் பொருளைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 260 சதுர கிலோமீட்டர் பரப்பில் 60 செ.மீ. மழை பெய்தால் சேரும் நீர், பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவுக்குச் சமம். அத்தனை நீர் அணைக்குக் கீழே, சமவெளியில், கடலோரத்தில் ஒரே நாளில் விழுந்தது. மேற்கே அணைகளும் நிரம்பித் திறந்துவிடப்பட்டிருந்தன. மலைவெள்ளமும் தரைமழையும் கடைமடையில் சந்தித்தன.

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றது. தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுற்றிலும் நீர். உணவின்றித் தவித்தவர்களுக்கு அக்கம்பக்கத்துக் கிராமத்தார் தங்கள் வீட்டு அரிசியில் பொங்கிக் கொடுத்தார்கள். தென்மாவட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

நான் போனபோது தண்டவாளம் புதிய ஜல்லியில் பளிச்சென்று கிடந்தது. வெள்ளம் நின்ற உயரத்தை மட்டும் வீட்டுச் சுவர்கள் மறக்கவில்லை. ஏரல் போகும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த அம்மா, நிலைக்கு மேலே ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக் காட்டினார். "ஆறு வருதுன்னா எங்களுக்குத் தெரியும்யா. பறையடிச்சுச் சொல்லுவாக, மேட்டுக்குப் போயிருவோம். அன்னிக்கு ஆறு வாறதுக்கு முந்தியே கொளத்துத் தண்ணி புறவாசல் வழியா வந்துட்டு."

அன்றைய பேரழிவின் சாரம் இந்தப் பேச்சில் இருக்கிறது. குளங்கள் வரிசையாக உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகாலும் தென்காலும் வரிசையாகப் பல குளங்களை நிரப்புகின்றன. மேலே ஒரு குளம் உடைந்தால் அதன் நீர் முழுதும் அடுத்த குளத்தின் மேல் விழும். வண்டல் மண்டிய குளத்தில் வாங்கிக்கொள்ள இடமில்லை. மறுகால் ஓடையில் சீமைக்கருவேலமும் கட்டடங்களும். நீர் கரையை உடைத்துக்கொண்டது. அணைக்கட்டே மண்மேடாகக் கிடந்த நிலை மாற 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தூர்வார உத்தரவிட வேண்டியிருந்தது.

ஒரே ஒரு மழையைச் சுட்டி, இது பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. 2023இல் பசிபிக்கில் எல் நினோவும், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிடச் சூடாக இருக்கும் நிலையும் சேர்ந்து வடகிழக்குப் பருவமழைக்கு வலுவூட்டின. 2016இல் இந்தியப் பெருங்கடலில் அதற்கு நேர்மாறான நிலை, மழை பொய்த்தது. இந்த ஏற்ற இறக்கம் இயற்கையில் என்றும் உண்டு. ஆனால் ஊசலாடும் கடலே ஒரு டிகிரி சூடேறி நிற்கும்போது, ஒவ்வொரு ஊசலும் கூடுதல் ஈரத்தோடு வருகிறது. அடுத்த ஆண்டு, 2024 டிசம்பரிலும் தாமிரபரணி கரைபுரண்டது. அரிதென்று நினைத்தவை நெருங்கி நெருங்கி வரும்போது, அவற்றை விபத்தென்று ஒதுக்குவது பொறுப்பற்ற செயல்.

முகத்துவாரத்தில்

ஏரலைத் தாண்டி ஆத்தூருக்கு வந்தால் காற்றே மாறிவிடுகிறது. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே வெற்றிலைக் கொடிக்கால்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது ஆத்தூர் வெற்றிலை. கொடிக்காலுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். வரிசை வரிசையாக அகத்தி. ஒவ்வொன்றிலும் நாரால் கட்டிய கொடி. வரிசைகளுக்கிடையே கணுக்கால் அளவு நீர் நிற்கும் வாய்க்கால். வெளியே வெயில் சுட்டெரிக்க, உள்ளே ஈர மண்ணின் குளிர்ச்சியும் வெற்றிலையின் காரமான வாசமும். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த அக்கா, கொடியின் வேரைச் சுற்றி மண்ணை விரலால் விலக்கிக் காட்டினார். வேர் மேலாகவே ஓடுகிறது. பக்கத்தில் எப்போதும் ஈரம் வேண்டும். வேர் மட்டும் நீரில் நிற்கக் கூடாது. நின்றால் அழுகிவிடும்.

"வெள்ளத்துல ரெண்டு நாளு முங்கிக் கெடந்துச்சு தம்பி. தண்ணி வத்துன பொறவு பாத்தா எல்லாம் கருகி நிக்கி. அகத்தி நட்டு, கொடி ஏத்தி, மறுபடி எலை பாக்க ஒரு வருசம் போயிட்டு. கடன் மட்டும் நிக்கவே இல்ல."

வெள்ளம் இல்லாத ஆண்டுகளில் இந்தக் கொடிக்கால்களுக்கு எதிரி உப்பு. ஆற்றில் நன்னீர் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும்வரை கடல்நீர் உள்ளே ஏறாது. ஓட்டம் குறைந்தால் கடல் ஏறும், கிணறு உவர்க்கும். மணல் அள்ளியதால் ஆற்றுப்படுகை தாழ்ந்த இடங்களில் இன்னும் எளிதாக ஏறும். வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சராசரியாக 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்கிறது முன்பு சொன்ன அதே அரசு அறிக்கை. சிறிய எண்தான், ஆனால் மேடு பள்ளமில்லாத முகத்துவாரத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் உப்புக்கு வழி திறக்கிறது.

பக்கத்தில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. நூற்றாண்டுகளாகத் தாமிரபரணி கொண்டுவந்த வண்டல், கடலைப் பின்னுக்குத் தள்ளி நிலம் சமைத்தது. இன்று வண்டல் அணைகளிலும் குளங்களிலும் தங்கிவிடுகிறது. நிலத்தைக் கடல்வரை நீட்டிய ஆறு, இருக்கும் நிலத்தைக் காக்கவே திணறுகிறது. புன்னக்காயலில் படகுகளுக்கு அப்பால் ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் நின்ற மீனவர் ஒருவர், வெள்ளத்துக்குப் பின் முகத்துவாரத்தின் வாய் இடம் மாறியதை விரல் நீட்டிக் காட்டினார். படகு ஓட்டுகிறவருக்கு அது அன்றாடப் பிழைப்பின் செய்தி.

செய்ய வேண்டியது

மலையிலிருந்து கடல்வரை பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. மழை கூடுமா குறையுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. எந்த மாதம், எந்த இடத்தில், எத்தனை மணி நேரத்தில் விழும் என்பதுதான் மாறியிருக்கிறது. நம் பெரிய அணைகள் மூன்றும் மேற்கே மலையடியில் நிற்கின்றன. கிழக்கே விழும் மழையை அவற்றால் ஒரு சொட்டும் பிடிக்க முடியாது. அதைப் பிடிக்கக் கூடியவை கடைமடைவரை பரவிக் கிடக்கும் குளங்கள் மட்டுமே. பருவநிலை மாற்றத்துக்கு எதிராகத் தாமிரபரணிப் படுகையிடம் இருக்கும் வலுவான கேடயம் நமக்கு முன்பே வெட்டி வைக்கப்பட்டுவிட்டது. அதைத்தான் மண்ணடையவிட்டு வேடிக்கை பார்க்கிறோம்.

புதிய திட்டங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிப் பகுதிக்கு வெள்ளநீரைக் கொண்டுபோகும் தாமிரபரணி, நம்பியாறு, கருமேனியாறு இணைப்புக் கால்வாய் 2009இல் தொடங்கி 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சுமார் 75 கிலோமீட்டர். வீணாகும் வெள்ளத்தை வறண்ட நிலத்துக்குத் திருப்பும் நல்ல வேலை. ஆனால் முடிய 15 ஆண்டுக்கு மேல் ஆனது. மழை அத்தனை ஆண்டு பொறுத்திருக்காது. குளத்தைத் தூர்வார ஒரு கோடை போதும்.

ஒவ்வொரு ஆண்டும் பிசான அறுவடை முடிந்து குளம் வற்றும் கோடை மாதங்களில் வண்டலை எடுத்து வயலுக்குக் கொடுக்க வேண்டும். அது உழவருக்கு உரமும்கூட. புரட்டாசி பிறக்கும் முன் மறுகால் ஓடைகள் கடல்வரை திறந்திருக்கின்றனவா என்று நீர்வளத் துறையும் பாசன சங்கத்தாரும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். ஆக்கிரமிப்பு யாருடையதானாலும் அகற்ற வேண்டும். டிசம்பரில் அணையை முழுதும் நிரப்பி வைப்பதா, வரப்போகும் மழைக்குக் கொஞ்சம் இடம் விடுவதா என்பதை முன்னறிவிப்பை வைத்து நாளுக்கு நாள் முடிவு செய்ய வேண்டும். கடலோர வட்டங்களில் மழைமானிகளைப் பெருக்கி, எத்தனை சென்டிமீட்டருக்கு எந்தக் குளம் நிரம்பும் என்று ஊர்வாரியாகக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை ஊர் மக்களின் கையிலேயே கொடுக்க வேண்டும். ஆறு வருமென்று பறையடித்துச் சொன்ன வழக்கத்துக்குக் குளம் உடையுமென்று முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு துணை சேர வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய அறிவியல் தேவையில்லை, பெரும்பணமும் தேவையில்லை. ஸ்ரீவைகுண்டம் வடகாலிலும் தென்காலிலும் உடைந்த கரைகளை மண்போட்டு அடைத்தாயிற்று. அடைத்தது போதுமென்று நின்றுவிட்டால், அடுத்த பெருமழை அதே இடத்தில் உடைக்கும். குளங்களை ஆழப்படுத்தி, மறுகால் வழிகளை மீட்டால், அதே மழை ஒரு பிசானத்தையும் ஒரு காரையும் விளைவிக்கும். வெள்ளம் சூழ்ந்த ஊர்களில் அந்த வேலை எங்கே நிற்கிறது என்று கிராம சபையில் எழுந்து கேட்பதும், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதும்தான் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கும் ஒவ்வொருவரும் இன்று செய்யக்கூடிய காரியம்.